ஒற்றைத் தும்மல்

பத்தொன்பது வருடமாக டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் பிழைப்பவள் நான். அதனாலோ என்னவோ, என் கையெழுத்தாவது பிறத்தியாருக்குப் புரியட்டும் என்று குண்டு குண்டாக எழுதப் பழகிக்கொண்டேன். இதைப் படிப்பதில் உங்களுக்குச் சிரமம் இருக்காது, டாக்டரம்மா.

இன்று காலை நீங்கள் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, "இந்த நாலு வருஷமா என்னென்ன மருந்து, எத்தனை நாளைக்கு, வரிசையா எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். என் தம்பி சதீஷ்குமார் உடனே, "அக்காவுக்குத்தானுங்க எல்லாம் தெரியும். வித்யாவுக்கு மருந்து பூராவும் அக்கா கையாலதான்" என்றான். கொஞ்சம் பெருமையாகவே சொன்னான். ஒரு தாள் போதாது என்று நர்சிடம் இன்னும் நாலு தாள் வாங்கிக்கொண்டு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். தம்பி மகள் பூங்குழலி என் மடியில் தலை வைத்துத் தூங்குகிறாள்.

அவளுடைய அம்மா வித்யாஸ்ரீ உள்ளே மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறாள். நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டேன். படிக்கக்கூடாதுதான், தலைகீழாக வைத்தாலும் படித்துவிடும் கண் இது. மாத்திரை, ஸ்பிரே எல்லாம் நாலு வருடம் கொடுத்தும் கேட்கவில்லை, மூச்சு சரியானதும் திங்கட்கிழமை மூக்கில் ஆபரேஷன் என்று இருக்கிறது. நான் எழுதித் தரும் பட்டியலைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சதீஷிடம் சொன்னீர்களாம். ஆகவே ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

என் பெயர் கலைச்செல்வி. வயது நாற்பத்தொன்று. ஊர் கொல்லிமலையில் பெரக்கரை நாட்டைச் சேர்ந்தது; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம். செம்மேட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அம்மா இறந்தபோது எனக்குப் பதினெட்டு, சதீஷுக்கு ஒன்பது. அவனை நான்தான் வளர்த்தேன். என்னைப் பெண் கேட்டும் வந்தார்கள். இவன் பத்தாவது முடிக்கட்டும், இவன் ஐடிஐ முடிக்கட்டும் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்ததில் வருகிறவர்கள் வருவது நின்றுவிட்டது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வந்தேன்.

எங்கள் ஊரில் யார் வீட்டில் நல்ல காரியம் நடந்தாலும் வீட்டுக்கு ஒரு பெண் வந்து தட்டு எடுக்க வேண்டும். வெற்றிலை, பழம், பூ, மஞ்சள். எங்கள் வீட்டுத் தட்டு அம்மாவுக்குப் பிறகு என் கைக்கு வந்தது. கல்யாணம் ஆகாதவள் எடுக்கலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அடங்கியது. பதினெட்டு வருடம் எடுத்தேன். கடையில் லீவு கிடைக்காத நாளிலும் எடுத்தேன்.

நாலு வருடத்துக்கு முன் தை மாதம் சதீஷுக்குக் கல்யாணம். பெண்ணுக்கு ஊர் முள்ளுக்குறிச்சி. அவளுடைய அப்பா எங்கள் மலையிலிருந்து இறங்கி அடிவாரத்தில் காடு வாங்கிக் குடியேறியவர். சூதுவாது தெரியாத பெண். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள். "நங்கை, நங்கை" என்று என் பின்னாலேயே திரிவாள். கல்யாணமான எட்டாம் நாள் பெரியப்பா வீட்டு வளைகாப்புக்கு அழைக்க வந்தவர்கள், "வித்யாவத் தட்டெடுக்க அனுப்பி வைய்யி கலை" என்றார்கள். அதுதான் முறை. வீட்டுக்கு மருமகள் வந்துவிட்டால் தட்டு அவளுக்குத்தான். நானே அவளுக்குப் புடவை மடிப்பு எடுத்துவிட்டு, நேரமாகிறது போ என்று அனுப்பினேன். பிறகு வீட்டில் தனியாக உட்கார்ந்து மிளகு ஆய்ந்தேன்.

மாசி பிற்பகுதியில் ஆரம்பித்தது. நாங்கள் மிளகுக்கொடி ஏற்றுவதற்கு வீட்டைச் சுற்றிலும் சில்வர் ஓக் மரம் வைத்திருக்கிறோம். மாசியிலிருந்து சித்திரை வரைக்கும் அது மஞ்சளாகப் பூத்துக் கொட்டும். மலையிலேயே பிறந்த எங்களை ஒன்றும் செய்வதில்லை. அவளுக்குக் கண் சிவந்து, மூக்கு ஒழுகி, விடாத தும்மல். சதீஷ் கீழே அழைத்துப்போய் ஒரு டாக்டரிடம் காட்டி வந்தான். அந்தச் சீட்டு எனக்கு இன்னும் மனப்பாடம். இரவில் ஒரு மாத்திரை, தூக்கம் தராத ரகம். காலையில் மூக்கில் ஸ்பிரே, விடாமல் இரண்டு வாரம் அடித்தால்தான் முழுப் பலன் தெரியும். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கை அலச வேண்டும். பூக்கிற மாதங்களில் காலையில் ஜன்னலைச் சாத்தி வை, துணியை மரத்தடியில் காயப்போடாதே, தோட்டத்திலிருந்து வந்தால் தலைக்குக் குளி. கடையில் எத்தனையோ பேருக்கு இதே மருந்தை நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் நாலாம் நாள் சிரித்துக்கொண்டு வருவார்கள்.

தும்மல் சகுனத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அது கொஞ்சம் கூடுதல். நல்ல காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் இருக்கிற எல்லோரும் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரட்டையாக விழுந்தால் நல்லது. வித்யாவின் தும்மல் ஒன்றிலும் நிற்காது, இரண்டிலும் நிற்காது. ஆகவே ஊர்ப் பெரியவர் அப்பாசாமி கைத்தடியைத் தட்டித் தட்டி எண்ணுவார்.

"ஒம்போது. ஒத்தை. அல்லாரும் உக்காருங்கப்பா, தண்ணி வரட்டும்."

ஊரே உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். அவளும் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு சிரித்தாள். "ஒன்னு கொறச்சுத் தும்மியிருக்கக் கூடாதா கண்ணு" என்று பெரியம்மா அத்தாயி கேலி செய்தாள்.

முதல் வருடம் சீட்டு என் கைக்கு வந்த நாளில் கடையில் அந்த மாத்திரை தீர்ந்திருந்தது. உண்மையிலேயே தீர்ந்திருந்தது. இரண்டு நாளில் வந்துவிடும், அதுவரை அவள் வருத்தப்பட வேண்டாம் என்று சின்ன வெள்ளை வைட்டமின் மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்தேன். அந்த இரண்டு நாளுக்குள் ஒரு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது அவள் தும்மி, தண்ணீர் குடித்து, மறுபடி தும்மி, மறுபடி தண்ணீர் குடித்து, மூன்றாம் தடவை அத்தாயி பெரியம்மா என் பக்கம் திரும்பினாள். "கலை, நீயே வந்து வாங்கு சாமி. நேரம் போவுது" என்றாள். நான் போய் வாங்கினேன். பித்தளைத் தட்டின் விளிம்பு கையில் பட்டபோது அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் கடைக்கு மருந்துப் பெட்டி வந்தது. பிரித்து அடுக்கினேன். சாயங்காலம் அந்த மாத்திரையில் ஒரு அட்டையும் எடுக்காமல், கவரில் மறுபடி வைட்டமினையே போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மறந்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை.

ஸ்பிரேயையும் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திருகிக் கழற்றுகிற ரகம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரை ஊற்றினேன். பச்சைத் தண்ணீரை ஒரு நாளும் ஊற்றியதில்லை. டாக்டர் சொன்னாலும் மூக்கு அலசுவது எல்லோருக்கும் ஒத்துவராது, நீயாக எதையும் செய்து காதில் சீழ் வைத்துக்கொள்ளாதே என்று அவளிடம் சொன்னேன். ஜன்னலை மட்டும் அவள் தானாகவே சாத்திக்கொள்வாள். புழுக்கமாக இருக்கிறது என்று நான் திறந்துவிடுவேன்.

அந்தக் கார்த்திகையில் பூங்குழலி பிறந்தாள். அடுத்த மாசியில் மூன்று மாதக் குழந்தை. அம்மா தும்மினால் குழந்தை தூக்கிவாரிப்போட்டு அழுகிறது என்று நான்தான் முதலில் சொன்னேன். இரவில் குழந்தை என் பக்கத்தில் படுத்தது. மூன்றாம் வருடம் சித்திரையில் முதல் ஏர் பூட்டும் நாள். விதைக் கூடையைச் சுமந்து நின்றவள் வித்யா. பதினொன்று தும்மினாள். அந்த வருடம் மழை ஒரு மாதம் தள்ளிப் பெய்து சாமை பாதிதான் வந்தது. யாரும் அவள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. நல்ல மனிதர்கள்தான். அழைக்க வருகிறவர்கள் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான்.

அதே வருடம் சதீஷ் இன்னொரு டாக்டரிடம் காட்டினான். மாத்திரையை மாற்றி, ஸ்பிரேயை மாற்றி எழுதினார். எதனால் ஒவ்வாமை என்று தோலில் குத்திப் பார்க்கலாம், தேவைப்பட்டால் மூன்று வருடம் ஊசி போட்டு உடம்பைப் பழக்கலாம் என்றும் சொன்னாராம். "அத்தனை ஊசியை அந்தப் புள்ள தாங்குமாடா?" என்று கேட்டேன். அக்காவுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டான். புது மருந்துகளையும் பழையபடியே செய்தேன்.

போன வருடம் மாசியில் குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்து. எதற்கும் யாரும் வித்யாவை விலக்க வேண்டிய அவசியம் அதற்குள் இல்லாமல் போயிருந்தது. அவளே விலகிக்கொள்வாள். காலையிலேயே குளித்து, கல்யாணப் புடவையைக் கட்டி, மூக்கில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு, கோயிலிலிருந்து நூறடி தள்ளிப் பலாமரத்தடியில் போய் நின்றுகொண்டாள். அவளுடைய அண்ணன் மணிவண்ணன் தாய்மாமனாகக் குழந்தையை மடியில் வைத்திருந்தார். ஊசி ஏறியதும் குழந்தை "அம்மா" என்று அலறியது. பலாமரத்தடியில் அவள் ஓரடி முன்னால் வைத்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"என்ன சாமி, அம்மா இங்கதான் இருக்கேன்" என்று சொல்லி நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன்.

சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. அத்தாயி பெரியம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து குழலி என்னைச் சில நேரம் அத்தை என்றும் சில நேரம் அம்மா என்றும் கூப்பிடுகிறாள். நான் இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பேன்.

இந்த வருடம் மாசியில் குழலிக்கும் தும்மல் வந்தது. அம்மாவைப் போலவே கண் சிவந்து, மூக்கு ஒழுகி. அன்று நான் அரை நாள் லீவு போட்டேன். குழந்தைகளுக்கான சிரப் வாங்கி, டாக்டரிடம் காட்டி அளவு கேட்டு, மாலையே முதல் வேளை கொடுத்தேன். மறுநாளே தும்மல் அடங்கிவிட்டது. வித்யா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குழலிக்குக் கேக்குது. எனக்கு மட்டும் ஏனுங்க நங்கை கேக்க மாட்டேங்குது?"

"ஒவ்வொருத்தர் உடம்பு வாகு அப்படி."

"போகட்டுங்க. என்ற ராசி அதுக்கு ஒட்டாம இருந்தாச் சரி" என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

பங்குனி மூன்றாம் தேதி நான் கடையிலிருந்து வரும்போது அவள் பாதை முனைக்கே ஓடி வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. கல்யாணத்தன்று பார்த்த முகம். குழந்தையின் சிரப்பில் இரண்டு மூடி எடுத்துக் காலையில் குடித்துப் பார்த்தாளாம்.

"நங்கை, பொழுது விடிஞ்சதுலருந்து ஒரு தும்மல் இல்லீங்க. மரத்தடியில போயி நின்னே பாத்துட்டேன். ஒன்னு கூட இல்லீங்க."

அன்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் மறுநாள் சரியான மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுத்திருந்தாலே போதும், யாருக்கும் எதுவும் தெரியாமல் முடிந்திருக்கும். அதை நான் யோசிக்காமலும் இல்லை. அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தேன். பின்னாலிருந்து குழலி ஓடி வந்து என் காலைக் கட்டாமல் அவள் காலைக் கட்டிக்கொண்டாள். நாள் முழுக்க அம்மா தும்மவில்லை அல்லவா, இருவரும் சேர்ந்து விளையாடியிருக்கிறார்கள்.

"கொழந்த மருந்தப் பெரியவங்க குடிச்சா இருதயத்துக்கு ஆகாது. இன்னொரு வாட்டி தொடாதே" என்றேன். பயந்துபோய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பாட்டிலை என் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். நான் செய்ததிலேயே எனக்கு மிகவும் வெட்கமானது இதுதான் என்று முந்தாநாள் வரை நினைத்திருந்தேன்.

முந்தாநாள் பெரியப்பா பேத்தி அருணாவுக்கு நிச்சயம். எங்கள் வாசல் பெரியது என்று எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள். சத்தம் வெளியே கேட்டுவிடக் கூடாது என்று வித்யா விடிந்ததுமே மிளகு மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். புதிதாக அடித்துத் தூற்றிய மிளகு. தூசியும் சருகும் மூக்கில் ஏறும். எனக்கே அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றால் இருமல் வரும். அவள் உள்ளே போவதை நான் பார்த்தேன். நல்ல நேரம் பத்தரை முதல் பதினொன்றரை.

தட்டு என் கையில் இருந்தது. பதினொன்று தாண்டியிருக்கும். குழலி என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்த, அம்மா உள்ளாற இருமுது. அம்மாக்கு விசில் சத்தம் வருது."

மூச்சில் விசில் சத்தம் வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் இன்ஹேலர் எடுத்துக் கொடுத்தவள் நான். விடாத மூக்குத் தொல்லையைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு நெஞ்சுக்கு இறங்கும் என்பதும் தெரியும்.

"நல்ல நேரம் முடியட்டும் சாமி, போலாம்" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டை வாங்கிக்கொண்டார்கள். நான் அவர்கள் தட்டை வாங்கினேன். சந்தனம் கொடுத்தேன். குழலி மறுபடி இழுத்தாள். அவள் கையை என் கைக்குள் பிடித்துக்கொண்டேன். எல்லாம் முடிந்து நான் கதவைத் திறந்தபோது பதினொன்று முப்பத்தைந்து. வித்யா மூட்டைமேல் சாய்ந்து கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. துண்டை வாய்க்குள் திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள், சத்தம் வராமல் இருக்க.

அந்தத் துண்டை நான்தான் அவள் வாயிலிருந்து எடுத்தேன். பல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. டாக்டரம்மா, என் வயதுக்கு நான் எத்தனையோ பேரிடம் தலை குனிந்திருக்கிறேன். ஒரு துண்டைப் பார்த்துத் தலை குனிந்தது அன்றைக்குத்தான்.

கடையிலிருந்து இன்ஹேலரை வரவழைத்து அடித்துக்கொண்டே வேனில் இறங்கினோம். எழுபது கொண்டை ஊசி வளைவிலும் அவள் தலை என் தோளில் இருந்தது. பேச்சு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிச்சயம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா நங்கை? சத்தம் கேக்கலீங்களே?" என்று கேட்டாள். கேட்கவில்லை என்றேன்.

நீங்கள் கேட்ட பட்டியல் இதுதான். முதல் வருடம், மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. இரண்டாம் வருடமும், மூன்றாம் வருடமும், போன வருடமும் ஒன்றும் கொடுக்கவில்லை. இந்த வருடம் அவளாக எடுத்துக் குடித்த இரண்டு மூடி சிரப். அது கேட்டது. ஆகவே எந்த மருந்துக்கும் அடங்காத உடம்பு என்று நீங்கள் எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். ஆபரேஷன் வேண்டாம். அந்த முதல் சீட்டில் இருந்ததையே கொடுத்துப் பாருங்கள், பதினைந்து நாளில் தெரியும்.

இந்தத் தாள்களை சதீஷிடமும் காட்டுங்கள். அவன் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. வித்யாவுக்கு ராசி என்று ஒன்றும் இல்லை, பூந்தூசிதான் காரணம் என்று அவளுக்குப் புரியும்படி நீங்கள் சொல்ல வேண்டும். நான் சொன்னால் நம்பிவிடுவாள். நான் எதைச் சொன்னாலும் நம்புகிறவள் என்பதால் நான் சொல்லக் கூடாது. ஊரில் என்னை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. தட்டு இனி என் கைக்கு வராது. அது நியாயம்தான்.

குழலி புரண்டு படுக்கிறாள். இப்போது மணி நாலரை. ஏழு மணிக்கு அவளுக்குச் சிரப் கொடுக்க வேண்டும், பையில் எடுத்து வந்திருக்கிறேன். இந்தப் பருவம் முழுக்க அவளுக்கு ஒரு வேளைகூட நான் தவறவிட்டதில்லை. வித்யா தேறி வருகிற வரைக்கும் குழந்தையை யாரிடம் விடுவது என்று அவர்கள் பேசும்போது, தயவுசெய்து இதையும் நினைவுபடுத்துங்கள்; மருந்து விஷயத்தில் என்னளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள அங்கே வேறு ஆள் இல்லை.